குப்பை லொறி வரும்வரை காத்திருக்காமல்: வீட்டிலேயே செய்யக்கூடிய ஐந்து விடயங்கள்

மகாவலி கங்கை பேராதனையைக் கடந்து, கண்டி நகரைச் சுற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்லை வழியாகத்தான் குண்டசாலைப் பக்கம் வருகிறது. வரும் வழியில், கட்டுகஸ்தோட்டைக்கு அண்மையில் கொஹாகொடை குப்பைமேடு இருக்கிறது. கண்டி நகரின் குப்பை பல தசாப்தங்களாகக் கொட்டப்பட்ட இடம் அது. மழை பெய்தால் அங்கிருந்து வடியும் கழிவுநீர் ஆற்றுக்குப் போகிறது. ஆற்றின் கீழ்ப்பக்கம் வசிக்கும் என்னால் குப்பையை 'ஊர்ப் பிரச்சினை' என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மேட்டில் இருந்ததும் நம் வீடுகளில் சேர்வது போன்ற குப்பைதான்.

1. சமையலறைக் கழிவை வெளியே அனுப்பாதீர்கள்

ஒரு கிழமை எங்கள் வீட்டுக் குப்பையை நிறுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை. இவை எல்லாமே உரமாகக் கூடியவை. அடியில் துளையிட்ட பழைய பீப்பாய் ஒன்று போதும். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை போட்டு, கிழமைக்கு ஒருமுறை கிளறுங்கள். மீன், இறைச்சி, எண்ணெய் சேர்க்க வேண்டாம். மணம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். காய்ந்த இலையை அதிகமாகப் போடுங்கள். எங்கள் பக்கம் குரங்குத் தொல்லை உண்டு. அதனால் மூடியின் மேல் ஒரு கல்லும் வேண்டும். மூன்று மாதமளவில் உரம் கிடைக்கும்.

2. பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள்

நானும் முன்பு வீட்டு முற்றத்தில் லஞ்ச் ஷீட்டை எரித்தவள்தான். பிளாஸ்டிக் புகையில் டயொக்சின் போன்ற நச்சுப் பொருட்கள் இருக்கலாம். அதை முதலில் சுவாசிப்பது நம் பிள்ளைகளும் பக்கத்து வீட்டாரும். திறந்த வெளியில் பிளாஸ்டிக் எரிப்பதும், லஞ்ச் ஷீட் விற்பதும் 2017 செப்டெம்பரிலிருந்து தடை. கழுவிக் காயவைத்து, வேறாகச் சேர்த்துக் கொடுங்கள்.

3. பையும் சாப்பாட்டுப் பெட்டியும்

கடைக்குப் போகும்போது துணிப்பை ஒன்றை மடித்துக் கைப்பையில் வையுங்கள். மதியச் சோற்றுக்கு வாழையிலை அல்லது எவர்சில்வர் பெட்டி. சூடான சோற்றைப் பொலித்தீனில் கட்டும் பழக்கத்தை விடுவது உடம்புக்கும் நல்லது.

4. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து முழு நுளம்பாக ஏறத்தாழ ஒரு கிழமை போதும். அதனால் கிழமைக்கு ஒருமுறை சிரட்டை, பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, குளிர்சாதனப்பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றைப் பாருங்கள். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவுங்கள்.

5. உரத்தை நீங்களே பயன்படுத்துங்கள்

வல்லாரை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய். இவற்றுக்குப் பெரிய காணி தேவையில்லை. நான்கைந்து சாடி போதும். அரிசி கழுவிய தண்ணீரையும் அவற்றுக்கே ஊற்றலாம்.

ஐந்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. முதலாவதிலிருந்து தொடங்குங்கள். எங்கள் வீட்டிலிருந்து முன்பு கிழமைக்கு இரண்டு பை குப்பை போனது. இப்போது ஒரு பைதான், அதுவும் நிறைவதில்லை.