மலைப்பயணத்திற்குப் பின் வரும் காய்ச்சல்: ஸ்க்ரப் டைபஸ் குறித்து அறிய வேண்டியவை

திருமுடிவாக்கம், குன்றத்தூர், தாம்பரம் பகுதிகளிலிருந்து விடுமுறை நாட்களில் கார் அல்லது வேனில் புறப்பட்டு, ஏலகிரி, சவ்வாது மலை, ஏற்காடு, கொல்லிமலை ஆகிய இடங்களில் மலையேறி, கூடாரமிட்டுத் தங்கித் திரும்புவோர் பலர். புறப்படும் முன்பு அவர்கள் பாம்பையும் அட்டையையும் பற்றி விசாரிக்கின்றனர். ஆனால், திரும்பி வந்து பத்து நாட்கள் கழித்து வரும் காய்ச்சலை அந்தப் பயணத்தோடு தொடர்புபடுத்திப் பார்ப்போர் மிகச் சிலரே. இப்பக்கம் அந்தக் காய்ச்சலைப் பற்றியது.

ஸ்க்ரப் டைபஸ் என்றால் என்ன?

ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் காய்ச்சல் இது. புல்லிலும் புதரிலும் வாழும் ஒரு வகை நுண்பூச்சியின் இளம்புழு கடிப்பதால் பரவுகிறது. இந்த இளம்புழு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அளவே உடையது. கண்ணுக்குப் புலப்படுவது அரிது. கடிக்கும்போது வலிப்பதில்லை. தமிழில் இந்நோயை ‘உண்ணிக் காய்ச்சல்’ என அழைத்தாலும், மாட்டின் மீதும் நாயின் மீதும் நாம் காணும் உண்ணி வேறு. ஆகவே, ‘என் உடம்பில் உண்ணி எதுவும் ஏறவில்லையே’ என்று எண்ணி இந்நோய் இல்லை என முடிவு செய்யக் கூடாது. பெயர் ஒலிப்பில் ஒத்திருந்தாலும், குடிநீராலும் உணவாலும் பரவும் டைபாய்டும் இதுவும் ஒன்றல்ல. ஸ்க்ரப் டைபஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

எலிகள் நடமாடும் புதர்க்காடு, காட்டோரப் புல்வெளி, ஓடைக்கரை, பயிரிடாமல் விட்ட நிலம் ஆகியவை இப்பூச்சியின் இருப்பிடங்கள். அவை எங்கும் பரவலாக இராமல் திட்டுத் திட்டாகவே காணப்படும். ஒரே கூடாரத்தில் தங்கிய ஐவரில் ஒருவருக்கு மட்டும் காய்ச்சல் வருவது இதனால்தான். மற்றவர்கள் நலமாக இருப்பது அவருடைய காய்ச்சலைப் புறக்கணிக்கக் காரணமாகாது. இரண்டாம் உலகப்போரின்போது அசாம்–பர்மா எல்லைக் காடுகளில் முகாமிட்ட படைவீரர்கள் இந்நோயால் பெரிதும் பாதிக்கப்பட்டனர். இன்றுவரை இதற்குத் தடுப்பூசி இல்லை.

மலைக்குச் செல்லாதவர்களுக்கும் இது வரலாம். நம் புறநகரில் முட்புதர் மண்டிக் கிடக்கும் காலி மனைகளும் ஏரிக்கரைகளும் இப்பூச்சிக்கு ஏற்ற இடங்களே.

அறிகுறிகள்

கடிபட்ட 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். பெரும்பாலும் 10 முதல் 12 நாட்களில். பொங்கல் விடுமுறையில் மலையில் தங்கியவருக்கு சனவரி இறுதியில் காய்ச்சல் வரக்கூடும் என்பது இதன் பொருள். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதைத் தொடரும் குளிர் மாதங்களிலும் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. அப்பருவத்திலேயே டெங்குவும் இருப்பதால் குழப்பம் ஏற்படுகிறது. இரண்டிலும் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வாந்தி உண்டு. இரண்டிலும் தட்டணுக்கள் குறையலாம். டெங்கு பரிசோதனையில் ‘இல்லை’ என வந்த பின்னும் காய்ச்சல் தொடர்ந்தால் ஸ்க்ரப் டைபஸை நினைவில் கொள்ளவும்.

இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் தடயம் ஒன்று உண்டு. கடிபட்ட இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருமையான பொருக்கு ஒன்று, சுற்றிலும் சிவந்த விளிம்புடன் காணப்படும். வலியோ அரிப்போ இல்லாததால் நோயாளிக்கே அது தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, இடுப்பில் ஆடை இறுகும் இடம், காதின் பின்புறம், தலைமுடிக்குள் ஆகிய மறைவிடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். வீட்டில் பராமரிப்பவர் நல்ல வெளிச்சத்தில் உடல் முழுவதையும் பார்ப்பது நல்லது. கூச்சத்தின் காரணமாகப் புறநோயாளிப் பிரிவில் இவ்விடங்களைக் காட்டத் தயங்குவோர் பலர். தயங்க வேண்டாம், அந்த ஒரு பொருக்கைக் கண்டாலே பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். எல்லோருக்கும் பொருக்கு தோன்றுவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

‘மூன்று நாட்களாகக் காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லாமல், எந்தத் தேதியில் எந்த மலையில் தங்கினீர்கள், தரையிலோ புல்லிலோ படுத்தீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லவும். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லவும். ஐ.ஜி.எம். எலிசா என்னும் இரத்தப் பரிசோதனை இந்நோயைக் கண்டறிய உதவுகிறது. எனினும் காய்ச்சலின் முதல் சில நாட்களில் அது ‘இல்லை’ என்று காட்டக்கூடும்.

உரிய மருந்தை உரிய நேரத்தில் தொடங்கினால் முழுமையாகக் குணமாகும் நோய் இது. டாக்சிசைக்ளின் என்னும் விலை குறைந்த மருந்தே முதன்மைச் சிகிச்சை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் வழங்கப்படுகிறது. பெரும்பாலோருக்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் தணிந்துவிடும்; தணிந்தாலும் மருத்துவர் குறித்த நாட்கள் வரை மருந்தை நிறுத்தக் கூடாது. டாக்சிசைக்ளினை நிறைய தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்கவும். இரும்புச்சத்து மாத்திரை, அமில எதிர்ப்பு மருந்து ஆகியவற்றை அதே வேளையில் உட்கொள்ள வேண்டாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மருந்துக்கடையில் தாமாகவே வாங்கும் அமாக்சிசிலின், செஃபிக்ஸிம் போன்றவை இப்பாக்டீரியாவின் மீது செயல்படுவதில்லை. அவற்றை விழுங்கிக் காத்திருக்கும் ஒரு வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, வலிப்பு, சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லவும். தீவிர நிலையில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகச் செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதைவிட நற்பலன் தருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது.

பயணத்தின்போது

அடிப்பகுதி மூடிய கூடாரத்தையே பயன்படுத்தவும்; புதரை ஒட்டி அமைக்க வேண்டாம். வெறும் புல்லில் உட்காருவதும், கழற்றிய ஆடையைச் செடியின் மீது உலர்த்துவதும்தான் பலரும் அறியாமல் செய்யும் தவறுகள். முழுக்கைச் சட்டை அணிந்து, கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளவும். டீட் கலந்த பூச்சி விரட்டியைக் காலுறையிலும் மணிக்கட்டிலும் பூசலாம். திரும்பியதும் சோப்புத் தேய்த்துக் குளித்து, பயண ஆடைகளையும் போர்வையையும் வீட்டுத் துணிகளோடு கலக்காமல் வெந்நீரில் துவைக்கவும்.

பயணத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கவும். அன்றிலிருந்து மூன்று வாரங்களுக்குள் குழுவில் எவருக்குக் காய்ச்சல் வந்தாலும் இப்பக்கத்தை அவருக்குக் காட்டி, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். ஐயம் இருப்பின் 104 சுகாதார உதவி எண்ணில் கேட்டறியலாம்.