திருடர்கள் விட்டுப்போன மண்வாரி



வைகிங் என்றால் கப்பலேறி வந்து கொள்ளையடித்தவர்கள் என்றுதான் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் நார்வே, சுவீடன், டென்மார்க் பக்கம் வாழ்ந்த அந்த ஜனங்களில் பெரும்பாலோர் ஆடு மாடு வளர்த்து, தானியம் விதைத்துப் பிழைத்தவர்கள்தான். இதற்குச் சாட்சி அவர்களுடைய புதைகுழிகளில் இருக்கிறது.

நார்வேயில் ஓசபர்க் என்று ஒரு பண்ணை. 1903-இல் பண்ணைக்காரர் தன் நிலத்து மண்மேட்டைத் தோண்டியபோது, செதுக்கு வேலை செய்த மரம் தட்டுப்பட்டது. மறு வருஷம் ஆராய்ச்சியாளர்கள் முழுக்கத் தோண்டிப் பார்த்தால், உள்ளே சுமார் 22 மீட்டர் நீளத்துக்கு ஓக் மரக் கப்பல்! அதில் ஒரு மர அறை, இரண்டு பெண்களின் எலும்புகள். அறைக்கு வெட்டிய மரத்தின் வளையங்களை எண்ணி, அடக்கம் நடந்தது 834-ஆம் வருஷம் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள்.

தங்க நகை ஒன்றுகூட இல்லை. பத்தாம் நூற்றாண்டின் பின்பாதியிலேயே யாரோ மேட்டைக் குடைந்து, எலும்பைக்கூட இழுத்துப் போட்டிருக்கிறார்கள். தங்கள் மர மண்வாரிகளை அங்கேயே விட்டுப் போய்விட்டார்கள். அந்த மண்வாரியின் வளையத்தை எண்ணித்தான் திருட்டு நடந்த காலமே தெரிந்தது, பாருங்க!

அவர்கள் வேண்டாமென்று விட்டுப்போன சாமான்கள் என்னென்ன தெரியுமா? இரும்புக் கொப்பரை, வாணலி, கரண்டி, மாவு பிசையும் மரத்தொட்டி, திரிகை, கோடாலி, மண் கொத்தும் கருவி, தறிகள், நான்கு சக்கர வண்டி, ஒரு வாளி நிறையக் காட்டு ஆப்பிள். இறந்தவர் ராணி என்று சிலர் சொல்லுவார்கள். ராணியோ இல்லையோ, மாவரைக்க ஆள் வைத்திருந்த வீடு அது. அப்படியும் திரிகையை மறக்காமல் கூட அனுப்பியிருக்கிறார்கள்.

இத்தனை காலம் மரம் எப்படி மக்காமல் இருந்தது? குளத்துச் சேற்றில் அமுங்கின கட்டை மக்குவதில்லை, அது உங்களுக்கே தெரியும். இங்கேயும் அடியில் களிமண், மேலே புல்லோடு வெட்டி அடுக்கிய மண்பாளம். காற்று புகவில்லை.

வெளியே எடுத்த பிறகுதான் வினை வந்தது. ஊறி இளகிப்போன சாமான்கள் காய்ந்தால் சுருங்கிவிடும் என்று, படிகாரக் கரைசலில் போட்டுக் காய்ச்சினார்கள். அந்தக் காலத்தில் அதுதான் தெரிந்த வைத்தியம். ஆனால் படிகாரத்தால் மரத்துக்குள்ளேயே கந்தக அமிலம் உண்டாகி, அதை அரித்துக்கொண்டே வந்தது. வெளித்தோல் பளபளப்பாக இருக்கும், உள்ளே மாவு! 2014 முதல் ஓஸ்லோ நகரத்து அருங்காட்சியகத்தார் இதற்கு மருந்து தேடத் தொடங்கினார்கள். கப்பலுக்கு மட்டும் படிகாரம் போடவில்லை. மெதுவாக உலரவிட்ட ஓக் மரம், அது தப்பித்தது.