பாட்டு நீங்கலாக

சீலோவிலிருந்த கர்த்தருடைய ஆலயத்தில், விளக்கு இன்னும் அணைந்துபோகாத அந்த இரவிலே, தன் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட சிறுவன் சாமுவேல் மூன்று முறை எழுந்து ஏலியினிடத்தில் ஓடினான் என்ற கதையை நம்முடைய ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளில் அறியாதார் இல்லை. ஆயினும் அக்கதையை நாம் பெரும்பாலும் அழைப்போடு நிறுத்திவிடுகிறோம். பொழுது விடிந்து அவன் ஆலயக் கதவுகளைத் திறந்தபின் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவார் அரியர். இரவில் அவன் பெற்ற செய்தி இனிமையானதன்று. தன்னை வளர்த்த ஆசாரியனுடைய குடும்பத்தின்மேல் வந்த நியாயத்தீர்ப்பு அது. அதைச் சொல்ல அவன் அஞ்சினான். கண்பார்வை மங்கிப்போயிருந்த அந்தக் கிழவரோ அவனை அருகே அழைத்து, கேட்ட வார்த்தையில் ஒன்றையும் மறைக்கலாகாது என்று ஆணையிட்டு வற்புறுத்திக் கேட்டார், பிள்ளை சொன்னான், கிழவர் அதைக் கர்த்தருடைய வார்த்தையென்றே ஏற்றுக்கொண்டார். சாமுவேலுக்கு அப்போது பன்னிரண்டு வயது நிரம்பியிருந்ததாக யூத சரித்திராசிரியரான யோசேபஸ் எழுதுகிறார். ஏலியின் குறைகள் பல. பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்காத தகப்பன் என்று நாம் அவரைக் குறைகூறியே பழகியிருக்கிறோம். ஆனால் ஓர் இளம்பிள்ளையின் வாயிலிருந்து தனக்கு விரோதமான சொல்லைத் தானே கேட்டு வாங்கிக்கொண்ட பெருந்தன்மையை எண்ணும்போதெல்லாம் அந்த முதியவர்மேல் எனக்குத் தனியானதொரு மரியாதை உண்டாகிறது.

சாட்சி என்னும் சொல் கண்ணைக் குறிக்கும் வடமொழிச் சொல்லின் வழியாய்ப் பிறந்தது. தன் கண்ணால் கண்டவனே சாட்சி. பிறர் கண்டதைத் திருத்தமாக ஒப்புவிக்கிறவன் நல்ல மாணாக்கனாகலாம், சாட்சியாக மாட்டான். கிரேக்கத்தில் சாட்சியைக் குறித்த சொல்லே பிற்காலத்தில் இரத்தசாட்சிக்கும் பெயராயிற்று என்பது நாம் அறிந்ததே. இங்கு நான் சொல்ல விரும்புவது அதைவிடச் சிறிய விஷயம்: கேட்பார் இல்லாத இடத்தில் சாட்சி என்பதும் இல்லை. நம்முடைய வாலிபர் சங்கம் வெளியிடும் இம்மலரில், இளைஞர் தம் விசுவாசத்தைச் சபையாரோடு பகிர்ந்துகொள்வதைப்பற்றி எழுதும்படி என்னைக் கேட்டபோது, பகிர்கிற பிள்ளைகளைக் காட்டிலும் கேட்கவேண்டிய பெரியவர்களே என் மனக்கண்முன் வந்து நின்றார்கள். ஆறாம் நூற்றாண்டில் தம் மடத்துக்கு ஒழுங்குவிதி வகுத்த பெனடிக்ட் முனிவர், முக்கியமான காரியம் எதுவாயினும் மடத்துச் சகோதரர் அனைவரையும் கூட்டி ஆலோசிக்கவேண்டும் என்றும், மேலானது எதுவென்பதைக் கர்த்தர் பலமுறை இளையவனுக்கே வெளிப்படுத்துகிறார் என்றும் எழுதிவைத்தார். மூப்பின் அதிகாரத்தைக் கண்டிப்பாய்ப் போற்றிய ஒரு துறவி இவ்விதியை எழுதினார் என்பதுதான் இதிலுள்ள விசேஷம்.

பிற்காலத்தில் இவ்வுண்மையைச் சபை வாழ்க்கையின் ஒழுங்காகவே ஆக்கிக் காட்டியவர், அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் மெய்ன் மாகாணத்துப் போர்ட்லண்ட் நகரில், வில்லிஸ்டன் சபையின் போதகராயிருந்த பிரான்சிஸ் எட்வர்ட் கிளார்க். 1881-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அச்சபையில் நடந்த ஜெபக்கூட்டங்களில் இளம்பிராயத்தார் பலர் உள்ளம் அசைவுற்றுக் கிறிஸ்துவுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தனர். உற்சாகம் தணிந்தபின் இப்பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற கவலை, அப்போது முப்பது வயதும் நிரம்பாத அந்தப் போதகரை வாட்டியது. வாலிபரைச் சபையில் நிலைநிறுத்த அக்காலத்தார் கையாண்ட வழிகள் சங்கீதக் கச்சேரிகளும் சிற்றுண்டி விருந்துகளுமே. அவற்றுக்கு வந்தவர்கள் விருந்து முடிந்ததும் போய்விட்டதைக் கிளார்க் கண்டிருந்தார். பிள்ளைகளுக்கு நாம் எதைக் கொடுக்கலாம் என்ற கேள்வியை விட்டு, பிள்ளைகளிடமிருந்து நாம் எதைக் கேட்கலாம் என்ற கேள்விக்கு அவர் வந்து சேர்ந்தார். பிப்ரவரி 2-ஆம் தேதி, பனிக்காலத்து மாலையொன்றில், அவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்து, தாம் எழுதிவைத்திருந்த சட்டதிட்டங்களையும் பிரதிக்கினையையும் வாசித்தார். வாசித்து முடிந்ததும் அறையில் நெடுநேரம் மௌனம் நிலவியதாம். கேட்கப்பட்டது அத்தனை பாரமானது. பின்பு ஒருவர்பின் ஒருவராகக் கையெழுத்திட்டனர். கிறிஸ்தவ முயற்சிச் சங்கம் என்று நம் நாட்டிலும் அறியப்பட்ட இயக்கம் பிறந்தது அவ்வாறே. பத்தாண்டுகளுக்குள் பல தேசங்களிலும் ஆயிரக்கணக்கான சங்கங்களாக அது பரவியது.

அந்தப் பிரதிக்கினையில் இருந்தது என்ன? ஒவ்வொரு ஜெபக்கூட்டத்துக்கும் தவறாமல் வருவேன் என்பதோடு, வந்து சும்மா இராமல், எவ்வளவு சிறிதாயினும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வேன் என்ற வாக்கும் அதில் இருந்தது. மாதம் ஒருமுறை நடக்கும் பிரதிஷ்டைக் கூட்டத்தில் பெயர்கள் வரிசையாக அழைக்கப்படும். தன் பெயர் வரும்போது ஒவ்வொருவரும் எழுந்து, ஒரு வசனமோ, ஒரு வரி ஜெபமோ, அம்மாதத்தில் தான் தேறியதையோ தவறியதையோ தன் வாயால் சொல்லவேண்டும். பிற்காலத்து வாசகத்தில், பங்கு எடுத்துக்கொள்வது என்ற சொல்லுக்குப் பக்கத்திலே ஒரு சிறு நிபந்தனை சேர்க்கப்பட்டது: பாட்டு நீங்கலாக! அதை எழுதியவர்கள் பாட்டின் பகைவர் அல்லர். அக்கூட்டங்களில் பாட்டுக்குக் குறைவே இல்லை. ஆனால் கூட்டத்தோடு கூட்டமாய்ப் பாடிவிட்டுத் தன் சொல் ஒன்றும் சொல்லாமலே வீடு திரும்புவது இளைஞருக்கு எவ்வளவு சுலபம் என்பதை அவர்கள் நன்றாய் அறிந்திருந்தார்கள்.

இந்த நிபந்தனையை முதன்முதல் வாசித்த நாளில் நான் நம்முடைய சபைகளை எண்ணிக் கலங்கினேன். நம் பிள்ளைகள் பாடுகிறார்கள். பாடகர் குழுவின் பெரும்பகுதி அவர்களே. கிறிஸ்து பிறப்பின் நாட்களில் குளிரிலும் பனியிலும் விடிய விடிய வீதிதோறும் கீதபவனி போகிறவர்கள் அவர்களே. அசனப் பண்டிகைக்குப் பந்தல் போடுவதும், அண்டாக்களைச் சுமப்பதும், இலை போட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்கள் கைகளே. வேதாகமப் போட்டிக்கு அதிகாரம் அதிகாரமாக மனப்பாடம் செய்து ஒப்புவித்துப் பரிசும் வாங்குகிறார்கள். திடப்படுத்தல் ஆராதனையில் வெள்ளாடை உடுத்து வரிசையாய் நின்று, அத்தியட்சர் கேட்கும் கேள்விக்கு ஒரே குரலாய் விடையும் பகர்கிறார்கள். அந்த விடை பரிசுத்தமானது. தலைமுறை தலைமுறையாய்ச் சபை சொல்லிவந்த விடையைத் தானும் சொல்லும்போது ஒரு பிள்ளை தன்னைவிடப் பெரியதொன்றில் வேரூன்றுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இத்தனைக்கும் நடுவே, பதினாறு வயதுள்ள ஒரு பிள்ளை தான் எப்படி ஜெபிக்கிறான், எந்த இடத்தில் ஜெபம் நின்றுபோகிறது, எதை நம்புகிறான், எதை நம்ப முடியாமல் தவிக்கிறான் என்று தன் சொந்த நடையில் சொல்லச் சபை எத்தனை முறை காதுகொடுத்துக் கேட்டிருக்கிறது? வருஷத்துக்கு ஒருமுறை வாலிபர் ஞாயிறு வைக்கிறோம். அன்றைக்கும் அவன் பேசவேண்டியதைப் பெரும்பாலும் நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

கேட்பதும் எளிதன்று, கேட்டதைப் பேணுவது அதனினும் அரிது. நியூ இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் சபையின் போதகராயிருந்த ஜானதன் எட்வர்ட்ஸ், 1734-ஆம் ஆண்டையொட்டித் தம் சபையில் எழுந்த ஆவிக்குரிய எழுப்புதலைப்பற்றி எழுதிய வரலாற்றில், சிறு குழுக்களாய் வீடுகளில் கூடி ஜெபித்துத் தம் அனுபவங்களைப் பேசிக்கொள்ளும் வழக்கத்தை முதலில் இளைஞரே கைக்கொண்டார்கள் என்றும், முதியவர்கள் அவர்களைப் பின்பற்றினார்கள் என்றும் மகிழ்ந்து குறிக்கிறார். பத்து ஆண்டுகளுக்குப்பின் அதே பிரசங்க பீடத்திலிருந்து, தகாத நூலொன்றைப் படித்துத் தகாத பேச்சுப் பேசியதாகச் சில வாலிபர்மேல் வந்த புகாரை விசாரிக்கும்பொருட்டு, குற்றஞ்சாட்டப்பட்டவர் இன்னார், சாட்சிக்கு அழைக்கப்பட்டவர் இன்னார் என்று பிரித்துக் காட்டாமலே பெயர்களை அவர் சபைமுன் வாசித்தார். ஊர் கொதித்தது, இளைஞர்மேல் அவருக்கிருந்த செல்வாக்கு அன்றோடு குன்றியது. 1750-ல் அவர் அச்சபையினின்று நீக்கப்பட்டதற்குத் திருவிருந்தைப்பற்றிய வழக்கே பிரதான காரணமாயினும், இந்த முறிவும் அதன் பின்னணியில் இருந்தது. அவ்வளவு பெரிய பக்தரும் மேதையுமான ஒருவர் கைக்கே இது நேர்ந்தது என்றால், பிள்ளைகள் நம்பிச் சொன்னதைப் பின்னொரு நாள் அவர்கள்மேலேயே எறியாமல் காப்பதில் நாம் எவ்வளவு விழிப்பாயிருக்கவேண்டும்!

நம்மவர் சரித்திரத்திலும் இளையவரின் சொல் மூத்த சபையை அசைத்ததுண்டு. அமெரிக்க மிஷனாரின் வழியாய்க் கிறிஸ்தவ முயற்சிச் சங்கம் சில ஆண்டுகளிலேயே யாழ்ப்பாணத்துச் சபைகளை எட்டியது. அங்குள்ள கிறிஸ்தவ மாணவர்கள் 1900-ல் தங்களுக்கென ஒரு மிஷனெரி சங்கம் அமைத்து, கடலுக்கு இக்கரையிலுள்ள தொண்டிப் பகுதியில் சுவிசேஷ ஊழியத்தைத் தாங்கிவந்தனர். 1902-ல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைக் கண்டு நாணினார். வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாய்ப் பிறந்து, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாய் ஊர்தோறும் மாணவரிடையே உழைத்துவந்த அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. தலைமுறைகளாய்ச் சுவிசேஷத்தைப் பெற்றுக்கொண்டிருந்த திருநெல்வேலிச் சபை, தான் கொடுத்தது என்ன என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அதன் ஊழியம் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லில் வேரூன்றியது. 1912-ல் அசரியாவே அப்பகுதியின் அத்தியட்சராய் அபிஷேகம் பெற்றார். அங்கே ஞானஸ்நானம் பெறுகிறவர் ஒவ்வொருவரும், எழுத்தறியாத கூலியாளாயினும், தன் கையைத் தன் தலைமேல் வைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தனக்கு ஐயோ என்று அறிக்கையிடும்படி அவர் பழக்கினார். தலைமேல் தன் கை! பிறர் கை வைத்து ஆசீர்வதித்தால் மட்டும் போதாது, பெற்ற அந்த நீரின் பொறுப்பைத் தானும் தொட்டு உணரவேண்டும் என்பது அவர் கருத்தாயிருக்கவேண்டும்.

என் இளமையில் நான் கண்ட ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். தேரிக்காட்டை அடுத்த ஒரு சிற்றூர்க் கோயில். வாலிபர் ஞாயிற்றின் மாலை ஆராதனை. பெட்ரோமாக்ஸ் விளக்கு இரைந்துகொண்டிருந்தது. சாட்சி சொல்ல எழுந்தவனுக்குப் பதினாறு வயதிருக்கும். திடப்படுத்தல் பெற்று மூன்று மாதந்தான் ஆகியிருந்தது. எழுதிக்கொண்டு வந்த தாளை விரித்தான், கை நடுங்கியது, அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினான். “பரமண்டல ஜெபத்துல கடனை மன்னிக்கிற எடம் வந்தா எனக்கு வாய் வரமாட்டேங்கு. அதை மட்டும் விட்டுட்டுத்தான் சொல்லுதேன். எங்க வீட்டுக்கும் எங்க பெரியப்பா வீட்டுக்கும் ஏழு வருசமாப் பேச்சு கெடையாது. ஆண்டவர்ட்ட பொய் சொல்லப் பயமா இருக்கு” என்றான்.

பனைகள் நின்ற ஒரு வரப்பைப்பற்றிய வழக்கு அது. ஊரில் அறியாதவர் இல்லை. அண்ணன் தம்பி இருவரும் அக்கோயிலுக்குள்ளேதான் இருந்தார்கள்; அண்ணன் முன்வரிசைப் பெஞ்சில், தம்பி தெற்கு வாசலோரத்தில். ஒருவரும் அசையவில்லை. சங்கடத்தை மூட எண்ணிய பெரியவர் ஒருவர் பாட்டைத் தொடங்கும்படி ஆர்மோனியக்காரருக்குச் சைகை காட்டினார். வயது முதிர்ந்த உபதேசியார் கையை உயர்த்தி, “பாட்டு இருக்கட்டும்யா. தம்பி சொல்லி முடிக்கட்டும்” என்றார். பையன் நெடுநேரம் நின்றான். “அவ்வளவுதான், ஐயா” என்று சொல்லி உட்கார்ந்தான். உபதேசியார் சபையை முழங்காலிடச் சொல்லிப் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். சற்றுப் பொறுத்து, பின்பு மேலே சென்றார். கூட்டம் கலைந்து வெளியே செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா இருட்டில் பையனருகே வந்து நின்றார்.

“ஏலே, ஒங்கப்பனைச் செத்த நிக்கச் சொல்லு.”