மணமாலையின் விலை

கல்யாணச் செலவுக் கணக்குப் போடும்போது பத்திரிகையில் குறைக்கலாம், பந்தியில்கூட ஒரு கூட்டைக் குறைக்கலாம். பூவில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது மரபாம். அந்த மரபு எந்தப் பூவைக் கேட்கிறது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், கிடைக்கும் விடை கணக்குப் போடுகிறவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. அகநானூற்றின் 86-ஆம் பாட்டும் 136-ஆம் பாட்டும் பழந்தமிழ்த் திருமணத்தைச் சடங்கு சடங்காகக் காட்டுபவை. முன்னதில் மணல் பரப்பிய பந்தலில் மாலைகள் தொங்குகின்றன. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் மணப்பெண்ணை நீராட்டுகிறார்கள். நீரோடு சொரிந்த பூவிதழும் நெல்லும் அவள் ஈரக் கூந்தலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பின்னதில் பெண்ணுக்குச் சூட்டுவது வெள்ளை நூல். அதில் சேர்ந்திருப்பவை வாகை இலையும், கன்று கடித்த பள்ளத்து அறுகு முதல் மழையில் விட்ட மொட்டும்தான். கொல்லையிலும் வயல் வரப்பிலும் பறித்து வரக்கூடியவை; காசு கொடுத்து வாங்கியதாக ஒரு சொல்லும் இல்லை.

கவிதையை ஆவணமாகக் கொள்ளலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பாட்டைக் கேட்பவர் நம்பாத கல்யாணத்தை எந்தப் புலவரும் பாடியிருக்க மாட்டார். அன்று பூச்சந்தை இல்லாததால் அப்படி இருந்திருக்கலாம் என்ற வாதமும் நிற்காது. சிலப்பதிகாரத்துப் புகார் வீதியில் பூ விற்பவர்கள் நடமாடுகிறார்கள். மதுரைக்காஞ்சியின் மதுரையிலும் அப்படியே. சரி, ஏழை வீட்டு வழக்கம் என்று ஒதுக்கிவிடலாமா? சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. மூவேந்தரின் அடையாளப் பூக்களில் ஒன்றுகூட அருமையாகக் கிடைப்பதல்ல. வேப்பம்பூ இன்று ரசத்துக்குத்தான் போகிறது.

இன்று எது மரபு என்று நினைக்கிறோமோ அதிலும் பாதி புதுவரவு. கழுத்து மாலைக்கு உடம்பாக இருக்கும் சம்பங்கியும், பந்தக்கால் முதல் மேடை வரை தொங்கும் செண்டுமல்லியும் மெக்சிகோ நாட்டுச் செடிகள். 1492-இல் கொலம்பஸ் கடல் கடப்பதற்கு முன் தமிழ்நாட்டு மணமகள் எவரும் அவற்றைப் பார்த்திருக்க முடியாது. பெயரே காட்டிக்கொடுக்கிறது: ஒன்று சண்பக மரத்திடமிருந்தும் மற்றது மல்லிகையிடமிருந்தும் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறது. செவ்வந்தியின் பூர்வீகம் சீனம். இவற்றை வேண்டாமென்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கைக்கு எட்டியதையும், வாடாமல் நின்றதையும், நாரில் கட்ட வந்ததையும் மாலைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். வழக்கம் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

விலை ஏறுவதற்குக் காரணம் பூவில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி வெயிலில் பூப்பது. சித்திரை, வைகாசியில் கொட்டும். மார்கழிப் பனியில் மொட்டுச் சுருங்கி வரத்து விழும். அந்த மாதம் முகூர்த்தம் இல்லாததால் காத்திருந்த கல்யாணங்கள் எல்லாம் தையில் ஒன்றாக வந்து விழுகின்றன. செடி ஓய்ந்திருக்கும்போது ஊரே கேட்கிறது. அப்போதுதான் மாட்டுத்தாவணியில் கிலோ மல்லி ஆயிரங்களில் போகிறது. முழம் போட்டு விற்கும் பூக்காரம்மா வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து விலையை ஏற்றுவதில்லை. முழத்தை வேண்டுமானால் கொஞ்சம் சுருக்குவார்.

பூச்செலவைக் குறைத்தால் விவசாயி வயிற்றில் அடிப்பதாகாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. அவர்களை வாட்டுவது ஒரு வீட்டுச் சிக்கனம் அல்ல. முகூர்த்தம் முடிந்த மறுநாள் விலை சரிவதும், வரத்து மிகுந்த நாளில் மொட்டை அடிமாட்டு விலைக்கு வாசனைத் தைல ஆலைக்குத் தள்ள வேண்டியிருப்பதும்தான் வாட்டுகின்றன. எல்லாரும் ஒரே பூவைக் கேட்காமல் சம்பங்கி, அரளி, மரிக்கொழுந்து, கனகாம்பரம் என்று பிரித்து வாங்கினால் காசு போவது அதே திண்டுக்கல், நிலக்கோட்டை, தோவாளைக் காடுகளுக்குத்தான். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. சுயமரியாதைத் திருமணத்தை ஏற்க 1967-இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவானது. மாலை மாற்றிக்கொள்வதையே திருமணமாக அது ஒப்புக்கொள்கிறது. மாலையில் என்ன பூ என்று அது கேட்பதில்லை. தையில் நாள் குறித்தவர்கள் மல்லியைப் பெண்ணின் தலைச் சரத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு, மாலையைச் சம்பங்கியில் கட்டச் சொல்லலாம். வைகாசியில் குறித்தவர்கள் தாராளமாக மல்லியிலேயே கட்டிக்கொள்ளலாம்.