வீடியோவுக்கு நடுவுல ஒரு பெட்டி

இன்னைக்குக் கதையில ஹீரோ ஒரு பெட்டி. பேரு கேஷிங் ப்ராக்ஸி.

1990-களை நினைச்சுப் பாருங்க. ஒரு காலேஜ் முழுக்க ஒரே ஒரு மெலிசான இன்டர்நெட் லைன். ஒருத்தர் ஒரு வெப் பக்கத்தைத் திறந்தா, இந்தப் பெட்டி அதுல ஒரு நகல் எடுத்து வெச்சுக்கும். அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்டா, வெளிய போகாம கையிருப்புல இருந்தே கொடுத்துடும். 1996-ல அமெரிக்காவில் டுவேன் வெசல்ஸ் வெளியிட்ட ஸ்க்விட் என்ற இலவச மென்பொருளால, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்தாலே யார் வேணும்னாலும் இந்த வேலையைச் செய்யலாம்னு ஆச்சு.

ஆனா வீடியோ, ஆடியோ வந்ததும் பெட்டி முழிச்சது. காரணம், அதெல்லாம் வெப் பக்கம் வர்ற ஹெச்டிடிபி பாதையில வரல. 1995-ல வந்த ரியல் ஆடியோவுக்குத் தனிப் பாதை. 1998-ல வெளியான ஆர்டிஎஸ்பி நெறிமுறைக்கு 554-ஆம் போர்ட். மைக்ரோசாஃப்டோட எம்எம்எஸ்ஸுக்கு 1755. ஸ்க்விட்டுக்கு இந்த பாஷை எதுவும் தெரியாது. தெரிஞ்ச பெட்டிகளை இங்க்டோமி, நெட்வொர்க் அப்ளையன்ஸ் மாதிரி கம்பெனிகள் வித்தாங்க.

அதை வாங்கின அட்மின் என்ன செட் பண்ணணும்? முதல்ல, அந்த போர்ட்டுக்குப் போற டிராஃபிக்கைப் பெட்டி பக்கம் திருப்பணும். ரெண்டாவது, டிஸ்க்ல எவ்வளவு இடம்னு ஒதுக்கணும். மூணாவதுதான் அழகு: நேரலையைப் பிரிச்சுக் கொடுக்கறது. 50 பேர் ஒரே மேட்சை 300 கிலோபிட்ல பார்த்தா, லைன்ல 15 மெகாபிட் போயிடும். பெட்டி ஒரே ஒரு ஓட்டத்தை வாங்கி 50 பேருக்கும் பங்கிட்டா, வெளி லைன்ல போறது வெறும் 300 கிலோபிட்.

அப்புறம் ஒரு திருப்பம். 2009-ல ஆப்பிள் ஹெச்எல்எஸ் கொண்டுவந்தது. வீடியோவைச் சில செகண்ட் நீளத் துண்டுகளா வெட்டி, சாதாரண ஃபைல் மாதிரி ஹெச்டிடிபியில அனுப்பற முறை. தனி போர்ட் வேண்டாம், தனி பாஷை வேண்டாம். ஸ்க்விட் வழக்கமா 4 எம்பிக்கு மேல உள்ள ஃபைலை டிஸ்க்ல வைக்காது. அந்த எல்லையைக் கொஞ்சம் ஏத்தினா போதும், துண்டு வீடியோவையும் சேமிக்கலாம். அதாவது, பழைய இலவசப் பெட்டி மறுபடி வேலைக்கு லாயக்கு ஆச்சு.

ஆனா ரொம்ப நாள் இல்ல. ஹெச்டிடிபிஎஸ் பரவிடுச்சு. பூட்டின கவருக்குள்ள என்ன இருக்குன்னு நடுவுல நிக்கற பெட்டிக்குத் தெரியாது. அது நல்லதுதான், நாம என்ன பார்க்கறோம்னு வேற யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது. ஆனா அதுக்கு விலையும் உண்டு. 2018-ல எரிக் மேயர் என்ற வெப் நிபுணர், உகாண்டா கிராமப்புறத்துல சாட்டிலைட் இணையத்தோட போராடின அனுபவத்தை எழுதினார். அந்த மாதிரி இடங்களுக்குத் துணையா இருந்த உள்ளூர் கேஷ், பூட்டு வந்ததும் பயனில்லாமப் போச்சுங்கறதுதான் அவர் வாதம்.

அப்போ நமக்கு மட்டும் எப்படி வீடியோ தடங்கலில்லாம ஓடுது? பெட்டி திரும்பி வந்துடுச்சு, ஓனர்தான் மாறிட்டார். 2012-ல நெட்ஃப்ளிக்ஸ் ஓப்பன் கனெக்டை அறிவிச்சது. தங்களோட சொந்தப் பெட்டியையே இன்டர்நெட் கம்பெனிகளோட நெட்வொர்க்குக்குள்ள வைக்கற திட்டம் அது. பூட்டோட சாவி அவங்ககிட்டயே இருக்கறதால ஹெச்டிடிபிஎஸ் அவங்களுக்குத் தடை இல்ல. கூட்டம் குறைஞ்ச நேரத்துல படங்களை நிரப்பி வைப்பாங்க. ஆனா நிறைய பேர் பார்க்கற நெட்வொர்க்குக்குத்தான் அந்தப் பெட்டி போகும். மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகாது.

ஒரு காலத்துல எதைச் சேமிக்கணும்னு முடிவு பண்ணது காலேஜ் அட்மின். இன்னைக்கு வீடியோ கம்பெனி. அடுத்த தடவை படம் சட்டுனு ஓட ஆரம்பிச்சா, பக்கத்துல எங்கேயோ ஒரு பெட்டி இருக்குன்னு நினைச்சுக்கங்க. அது யாரோடதுன்னும் ஒரு நிமிஷம் யோசிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.