எபியூஸியோஸ்: வரும் நாளின் அப்பம்

பரமண்டல ஜெபம் என்றும் கர்த்தர் கற்பித்த ஜெபம் என்றும் கிறிஸ்தவர்கள் வழங்கும் மன்றாட்டில் வயிற்றுப் பசியைப் பேசும் வரி ஒன்றுதான் உண்டு. அவ்வரியில் அப்பத்துக்கு அடைமொழியாக நிற்கும் கிரேக்கச் சொல் ‘எபியூஸியோஸ்’. மத்தேயு 6:11இலும் லூக்கா 11:3இலும் வரும் இச்சொல்லைப் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் காண முடியாது. தொடக்கத் திருச்சபையின் ஒழுங்குநூலான ‘திதாக்கே’யின் 8ஆம் அதிகாரத்திலும் இதே ஜெபத்துக்குள்தான் இது வருகிறது. இந்த ஜெபத்தையோ அதன் உரைகளையோ சாராத ஆட்சி ஒன்றுகூடப் பழங்கிரேக்க எழுத்துகளில் உறுதியாகக் கிடைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடமில்லாததால், ஒவ்வொரு காலத்தவரும் தம் அறிவுக்கு எட்டிய பொருளை இதற்குத் தந்தார்கள். அப்பொருள்களின் வரலாற்றைப் பின்தொடரும்போது, சொல்லிலக்கணமும் பாலஸ்தீனத்து நாட்கூலி வாழ்க்கையும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பது என் துணிபு.

இச்சொல்லின் புதுமையை முதலில் பதிவு செய்தவர் ஓரிஜன். அலெக்சாந்திரியாவில் வளர்ந்து செசரியாவில் குடியேறிய அவர், ஏறத்தாழ கி.பி. 233இல் ஜெபத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கிரேக்க அறிஞர் எவரும் இச்சொல்லைக் கையாளவில்லை, பொதுமக்கள் பேச்சிலும் இது வழங்கவில்லை, நற்செய்தியாளர்களே இதை ஆக்கியிருக்க வேண்டும் என்று அதில் குறிப்பிட்டார். கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, கைக்கெட்டிய நூல்களையெல்லாம் படித்த ஒருவரின் சாட்சியம் இது. எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சாட்சியம் வேறு, விளக்கம் வேறு. ‘உள்பொருள்’ என்று தத்துவ நூல்கள் சொல்லும் ‘ஊஸியா’வோடு இதை இணைத்து, ஆன்மாவின் உள்ளியல்போடு கலந்து அதற்கு வலுவூட்டும் அப்பம் என்று அவர் பொருள் கொண்டார். ‘வருதல்’ என்ற வினையிலிருந்து பிறந்திருக்கலாம் என்ற மற்றொரு வழியும் அவருக்குத் தெரியும். அதைக் குறிப்பிட்டுவிட்டு, முதல் வழியையே மேலானதாகக் கருதினார்.

இங்கே இலக்கணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘எபி’ என்ற முன்னொட்டை அடுத்து உயிரெழுத்து வந்தால், அதன் ஈற்று இகரம் கெடுவது கிரேக்கத்தின் பொதுவழக்கு. ‘ஊஸியா’வோடு சேர்ந்தால் ‘எபூஸியோஸ்’ என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். தத்துவ நூல்களில் வழங்கும் ‘எபூஸியோதேஸ்’ என்ற சொல்லில் அப்படியே இகரம் கெட்டிருக்கிறது. ‘எபியோர்கோஸ்’ போன்ற விலக்குகள் உண்டு. ஆகவே இதை அசைக்க முடியாத விதியாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் மற்ற வழியில் சிக்கலே எழவில்லை. ‘வருகின்ற’ என்ற பொருளுடைய ‘எபியூஸா’ என்ற எச்சத்தில் இகரம் வினையடிக்கே உரியது. முன்னொட்டின் இகரம் முறைப்படி கெட்டபிறகும் அது நிலைத்து நிற்கிறது.

அந்த ‘எபியூஸா’ அரிய சொல்லும் அன்று. ‘வரும் நாள்’ என்ற பொருளில், நாளைக் குறிக்கும் பெயர் இல்லாமலேகூட அது வழங்கியது. திருத்தூதர் பணிகள் நூலில் 5 இடங்களில் வருகிறது. துரோவாவிலிருந்து கப்பலேறிய பவுல் குழுவினர் மறுநாள் நெயாப்போலியை அடைந்ததை 16:11 சொல்லும்போதும், பவுல் மறுநாள் யாக்கோபைக் காணச் சென்றதை 21:18 சொல்லும்போதும் இச்சொல்தான் நிற்கிறது. நாளை விடியும் நாள் எதைப் பெற்றெடுக்கும் என்று யாருக்கும் தெரியாது எனும் நீதிமொழிகள் 27:1, எழுபதின்மர் கிரேக்கப் பெயர்ப்பில் இதே சொல்லைக் கொண்டிருக்கிறது. அப்பழமொழி கிரேக்கம் பேசிய யூதர்களின் செவிக்குப் பழகியது. மக்கள் வாயில் நாள்தோறும் புழங்கிய ஒரு சொல்லிலிருந்து புது அடைமொழி ஒன்று கிளைப்பது இயல்பு. தத்துவக் கூடத்துச் சொல்லொன்று கலிலேயச் சீடர்களின் ஜெபத்துக்குள் வந்து சேர்வதுதான் தனி விளக்கம் வேண்டுவது.

பழைய மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவை காலத்தையோ தேவையையோ பேசுகின்றன. பழைய சிரியாக் பெயர்ப்பு ‘இடையறாத’ அப்பம் என்றது. அதன்பின் நிலைபெற்ற பெஷித்தா ‘எங்கள் தேவைக்குரிய’ அப்பம் என்றது. எகிப்தின் தென்பகுதிக் கோப்டிக்கான சாகிதிக்கில் ‘வருகின்ற’ அப்பம், வடபகுதியின் போஹைரிக்கில் ‘நாளைய’ அப்பம். 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா செய்த கோத்திக் பெயர்ப்பில் ‘எப்போதும் உள்ள’ என்ற சொல். பழைய லத்தீன் பெயர்ப்புகள் இரு நற்செய்திகளிலும் ‘அன்றாட’ எனும் ‘கோத்திதியானும்’ என்று வைத்தன. பிற்கால ஸ்லாவியப் பெயர்ப்புதான் ஓரிஜன் வழியில் சென்று, ‘உள்பொருளுக்குரிய’ என்று உறுப்புக்கு உறுப்பு ஒட்டி ஒரு சொல்லை ஆக்கியது.

மேற்குத் திருச்சபையின் வரலாற்றில் பெரிய திருப்பம் ஜெரோமால் நேர்ந்தது. திருத்தந்தை தமாசுஸின் வேண்டுகோளின்படி 382-384இல் லத்தீன் நற்செய்திகளைத் திருத்தியபோது, லூக்காவில் ‘கோத்திதியானும்’ என்பதை அப்படியே விட்ட அவர், மத்தேயுவில் ‘சூப்பர்சப்ஸ்தான்சியாலெம்’ என்று மாற்றினார். எல்லாப் பொருள்களுக்கும் மேலான அப்பம் என்பது கருத்து. ஒரே கிரேக்கச் சொல்லுக்கு ஒரே மனிதரின் கையில் இரு வேறு பெயர்ப்புகள். 398இல் மத்தேயுவுக்கு உரை எழுதியபோது அவர் தந்த செய்தி இன்னும் அரியது. எபிரேயர் நற்செய்தியில் அவ்விடத்தில் ‘மஹார்’, அதாவது ‘நாளை’, என்ற சொல்லைத் தாம் கண்டதாகக் குறிக்கிறார். அந்நூல் கிரேக்கத்திலிருந்து பின்னால் பெயர்க்கப்பட்டதாக இருக்கலாம் என்பர் சில ஆய்வாளர். இருந்தாலும், இயேசு பேசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் இச்சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அது சான்றுதானே? ஜெரோம் தந்த தகவல்களில் இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

ஜெரோமின் புதுச்சொல் விவிலியப் பிரதியில் தங்கியது. வழிபாட்டில் மக்கள் வாய் பழைய சொல்லையே பிடித்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையிலான உரசல் 12ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. எலோயிஸ் தலைமை தாங்கிய பாரக்கிளீத் மடத்துக்கு வந்த துறவி பெர்நார்து, அங்கே ஜெபத்தில் ‘அன்றாட’ என்பதற்கு மாறாக மத்தேயுவின் சொல் ஒலிப்பதைக் கேட்டு வியந்தார். அவ்வழக்கத்துக்குக் காரணமானவர் இறையியலாளர் அபெலார்து. அவர் பெர்நார்துக்கு எழுதிய விடைக்கடிதத்தில், மத்தேயு இயேசுவின் வாயிலிருந்தே ஜெபத்தைக் கேட்டவர், லூக்கா பிறர் சொல்லக் கேட்டவர், எனவே மத்தேயுவின் வடிவமே முழுமையானது என்று வாதிட்டார். கத்தார் என்னும் சமயப் பிரிவினரும் தங்கள் சடங்குகளில் இதே சொல்லைச் சொன்னார்கள்; உலகப் பொருளைத் தீமையின் படைப்பாகக் கண்டவர்களுக்குப் ‘பொருளுக்கு மேலான’ அப்பம் எவ்வளவு உவப்பாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். சீர்திருத்தக் காலத்தில் லூத்தரும் டிண்டேலும் ‘அன்றாட’ என்பதற்கே திரும்பினார்கள்.

1889இல் இந்த வரலாற்றில் வேறொரு வாயில் திறந்ததுபோல் தோன்றியது. எகிப்தின் ஃபயூம் பகுதியில் ஹவாரா என்னும் இடத்தில் பிளிண்டர்ஸ் பெட்ரி அகழ்ந்தெடுத்த பப்பைரஸ் ஏடுகளில் ஒன்றை ஏ. எச். சேஸ் படித்து வெளியிட்டார். அது ஒரு செலவுக் கணக்கு. அதில் ½ ஓபோலுக்கு எதிரே ‘எபியூஸி’ என்று குறைந்து நிற்கும் சொல்லைத் தாம் கண்டதாக அவர் பதிவு செய்தார். 1915இல் பிரைசிக்கே தம் தொகுப்பில் அதைச் சேர்த்தார். 1925இல் டெப்ரூனர் அதன் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டினார். புதிய ஏற்பாட்டுக்கே உரியவை என்று நம்பப்பட்ட பல சொற்கள் சாதாரண மக்களின் கடிதங்களிலும் ரசீதுகளிலும் இருப்பதை டைஸ்மன் நிறுவியிருந்த காலம் அது. ஆகவே, அன்றாடப் படி என்ற பொருளை இக்கணக்கு உறுதி செய்கிறது என்று அகராதிகள் ஏற்றுக்கொண்டன. ஆனால் ஏட்டையே காணவில்லை. சேஸின் வாசிப்புகளை முழுதும் நம்ப முடியாது என்று புரூஸ் மெட்ஸ்கர் 1957இல் எச்சரித்தார். 1998இல் அவ்வேடு யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் மீண்டும் அடையாளம் காணப்பட்டது. நெய்மனும் வோர்ப்பும் அதைப் படித்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள்: அவ்விடத்தில் இருப்பது ‘எலையூ’, அதாவது எண்ணெய். அகராதிகளைத் தாங்கி நின்ற ஒற்றைச் சான்று இப்படி விழுந்தது. ஓரிஜனின் சாட்சியம் பழையபடி முழு வலுவோடு நிற்கிறது.

ஏடு போனதால் ‘வரும் நாள்’ என்ற பொருளுக்கு நட்டமில்லை. லூக்காவின் வரியில் ‘நாள்தோறும்’ என்ற தொடர் தனியே இருக்கிறது. வினையும் தொடர்ந்து தரும்படி கேட்கும் வடிவில் இருக்கிறது. எபியூஸியோஸ் என்பதற்கும் ‘அன்றாட’ என்றே பொருள் கொண்டால், லூக்கா ஒன்றையே இருமுறை சொன்னதாகும். மத்தேயுவிலோ ‘இன்று’ என்ற சொல் பக்கத்தில் நிற்கிறது: வரும் நாளுக்கான அப்பம், இன்றே வேண்டும். இதற்கு எதிராக, நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்ற மத்தேயு 6:34ஐச் சிலர் காட்டுவர். அந்த மறுப்பு கூலிக்காரனின் நாளைக் கணக்கில் எடுக்கவில்லை. மத்தேயு 20இல் திராட்சைத் தோட்டத்துக்கு விடியலில் அமர்த்தப்பட்டவர்கள் மாலையில்தான் தெனாரியம் வாங்குகிறார்கள். கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் 24:15இன் கட்டளை; விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்கிறது லேவியர் 19:13. அந்தியில் கைக்கு வரும் காசில்தான் மறுநாள் அடுப்பு எரியும். யூதர் வழக்கில் பொழுது சாயும்போதே அடுத்த நாள் தொடங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படி வாழ்கிறவன் வரும் நாளுக்கான அப்பத்தை இன்று கேட்பது சேமிப்புக்காக அன்று. கவலையின்றி இரவு கண்ணயர்வதற்காக. இந்த ஜெபத்தை நாளுக்கு 3 முறை சொல்லும்படி திதாக்கே விதிக்கிறது. காலையில் சொன்னால் ‘வரும் நாள்’ அன்றைய பகல். இரவில் சொன்னால் மறுநாள். இந்த நெகிழ்ச்சியைத் தாங்குவது எபியூஸாவின் கிளைச்சொல்லுக்கு மட்டுமே இயலும்.

தமிழில் புதிய ஏற்பாட்டின் அச்சு வரலாறு 1714-1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவோடு தொடங்குகிறது. சீர்திருத்தத் திருச்சபைகளின் ஜெபத்தில் இன்று நிலைத்திருப்பது ‘வேண்டிய’ என்ற அடைமொழி. பெஷித்தா சொன்ன தேவைப் பொருளும் இதுவே. நீதிமொழிகள் 30:8இல் ஆகூர் தனக்கு அளந்த உணவை மட்டும் கேட்கும் விண்ணப்பமும் இதனோடு ஒத்துப்போகிறது. கத்தோலிக்கர் வாயில் ‘அனுதின’ என்ற சொல், லத்தீன் வழிபாட்டு மரபின் தொடர்ச்சியாக. இரண்டும் பிழையல்ல, தலைமுறைகள் மனப்பாடமாகச் சொல்லிவந்த வரியை மாற்றச் சொல்வதும் என் நோக்கமன்று. ஜே. பி. லைட்ஃபுட் 1871இல் ‘வரும் நாள்’ என்ற பொருளுக்காக விரிவாக வாதிட்ட பிறகு, 1881இன் ஆங்கிலத் திருத்தப் பதிப்பு மூலவரியில் பழைய சொல்லை வைத்துக்கொண்டு, ஓரக்குறிப்பில் அப்பொருளைக் கொடுத்தது. தமிழ் ஆய்வுப் பதிப்புகளிலும் மத்தேயு 6:11இன் அடியில் ‘வரும் நாளுக்கான’ என்ற குறிப்பு இடம்பெறத் தகும்.