நிரை: தலைவனில்லாத அணிவகுப்பின் வரலாறு

தமிழில் 'நிரை' என்பதற்கு வரிசை என்றும் பொருள். ஆக்கூட்டம் என்றும் பொருள். நிரை கவர்தல் வெட்சி, நிரை மீட்டல் கரந்தை என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லித் தருகிறோம். கூட்டத்தையும் ஒழுங்கையும் ஒரே சொல் சுட்டுவது ஏன் என்று நாம் நின்று யோசித்ததில்லை. தாம்பரத்து வானம்தான் அக்கேள்வியை எழுப்பியது.

விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இயங்குகிறது. அணியாகப் பறப்பதும் விமானிகள் கற்கும் கலைகளுள் ஒன்று. அதன் இலக்கணம் எளியது. முன்செல்லும் தலைமை விமானத்தைப் பார்த்து, குறித்த இடைவெளியில் மற்றவை தொடர வேண்டும். தலைமை வழி தவறினால் அணியும் தவறும்.

கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல் மாலையில் திரளும் பறவைகளோ வேறு இலக்கணம் உடையவை. 1987-இல் கிரேக் ரெனால்ட்ஸ் என்னும் கணினி வரைகலை அறிஞர் அதனை மூன்று விதிகளில் அடக்கிக் காட்டினார். அண்டையில் இருப்பதோடு மோதாதே. அது செல்லும் திசையில், அதன் வேகத்தில் செல். கூட்டத்தை விட்டு விலகாதே. கணினித் திரையில் இம்மூன்றையும் பின்பற்றிய புள்ளிகள், ஆணையிடுவார் எவருமின்றியே பறவைக் கூட்டமாயின.

எந்திரங்கள் இப்பாடத்தைக் கற்கத் தொடங்கியது அதற்கும் முன்பே. 1948-49-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் இரண்டு எந்திர ஆமைகளைச் செய்தார். ஒன்றின் தலைவிளக்கை மற்றொன்று நாடிச் செல்ல, அவை நடனமிடுவதுபோல் தோன்றின. 2014-இல் ஹார்வர்டில் மைக்கேல் ரூபன்ஸ்டைன், ராதிகா நாக்பால் முதலியோர் 1024 சிற்றெந்திரன்களை ஒரு மேசைமேல் விட்டனர். அண்டை எந்திரனோடு மட்டுமே பேசத் தெரிந்த அவை, மெல்ல நகர்ந்து விண்மீன் வடிவில் நின்றன.

இந்தியாவில் விமானப்படை 2018-இல் 'மெஹர் பாபா' போட்டியை அறிவித்தது. பேரிடர்க் காலத்தில் உதவிப் பொருள் கொண்டுசெல்லும் டிரோன் கூட்டத்தை உருவாக்குவது அதன் நோக்கம். 2021 ஜனவரி 15 அன்று தில்லியில் தரைப்படை 75 டிரோன்களின் தாக்குதல் ஒத்திகையைக் காட்டியது. 2022 ஜனவரி 29 அன்று அங்கேயே ஆயிரம் டிரோன்கள் வானில் ஒளிக்கோலமிட்டன. இத்தகைய ஒளிக்கோலம் முன்னரே எழுதப்பட்ட நாடகம். ஒவ்வொரு டிரோனும் தனக்கு வகுத்த பாதையில் செல்கிறது. அண்டையைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் கூட்டம் அதனினும் அரியது.

நம் புறநகருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1949-இல் சி. ராஜம் நிறுவிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் விமானவியல் பயின்றார். அக்கல்லூரியின் 'தக்ஷா' அணி, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது.

இது ஏன் நமக்கு முக்கியம்? 2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூரும் வரதராஜபுரமும் மறக்கவில்லை. மின்சாரம் நின்றது; கைபேசிகள் ஊமையாயின. மேலிருந்து ஆணை வரும் வழி அடைபட்ட அவ்வேளையில், அடுத்த வீட்டைப் பார்த்து அடுத்த வீடு இயங்கியது. மாடியுள்ளவர் மாடியில்லாதவரை ஏற்றிக்கொண்டார். மீனவர் படகுகள் தெருக்களில் ஓடின. மையம் செயலிழந்தபோதும் கூட்டம் சிதறவில்லை. எந்திரக் கூட்டத்தில் அறிஞர்கள் தேடுவதும் இக்குணத்தையே. ஒன்று வீழ்ந்தால் மற்றவை இடத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும்; கோபுரம் சாய்ந்தாலும் பணி நிற்கக் கூடாது.

ஆயினும், மருந்து சுமக்கும் நிரைக்கும் குண்டு சுமக்கும் நிரைக்கும் விதிகள் ஒன்றே. தலைவனில்லாத கூட்டம் தவறிழைத்தால் எவரைக் கேட்பது என்ற வினாவுக்கு அம்மூன்று விதிகளில் விடையில்லை. அண்டையோடு மோதாதிருக்க எந்திரத்துக்குக் கற்பித்துவிட்டோம். யாருக்காகப் பறப்பது என்பதை அதற்குக் கற்பிக்க இயலாது. வெட்சியா கரந்தையா என்று முடிவு செய்ய வேண்டியவர் இன்றும் மனிதரே.